சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தில் பெற்றோரை அனுப்பவிருக்கும் ஒருவர், இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தொலைவைத் தேடியிருக்கிறார். ஓரிடத்தில் 15,349 கி.மீ. என்றும், இன்னோரிடத்தில் 8,288 மைல் என்றும், வேறோரிடத்தில் 16,700 கி.மீ. என்றும் கிடைத்திருக்கிறது. இவற்றில் எது சரி என்பது அவருடைய முதல் கேள்வி. உலகப் படத்தில் நியூயார்க் மேற்கே இருக்க, விமானம் ஏன் ஜப்பான் பக்கமாகக் கிழக்கே போகிறது என்பது இரண்டாவது கேள்வி. எந்த எண்ணை எங்கே எழுதுவது என்பது மூன்றாவது.

மூன்று எண்களும் சரியானவையே. முதல் இரண்டும் ஒரே தொலைவை வெவ்வேறு அலகுகளில் சொல்கின்றன. மூன்றாவது எண் இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் குறிப்பதன்று. விமானம் உண்மையில் பறக்கும் வழியின் நீளத்தைக் குறிப்பது. தொலைவு மாறாதது, வழி நாள்தோறும் மாறுவது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

அலகுக் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். 8,288 என்பது கடல்மைல் கணக்கு. ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. ஆகும். விமானத்துறையும் கப்பல்துறையும் இன்றும் இந்த அலகையே பயன்படுத்துகின்றன. நாம் சாலையில் பழகிய மைல் 1.609 கி.மீ.தான், அந்தக் கணக்கில் இதே தொலைவு 9,537 மைல் ஆகும். "மைல்" என்று மட்டும் எழுதி எந்த மைல் என்று சொல்லாமல் விடுவதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் வேறுபாடு தோன்றிவிடுகிறது.

இனி 15,349 என்ற எண் எப்படி வந்தது என்று பார்ப்போம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் பகுதியாக அமையும். அதனைப் பெருவட்டம் என்கிறோம். பொதுவாக இதைக் கணக்கிட முக்கோணவியல் சூத்திரம் வேண்டும். ஆனால் சிங்கப்பூர், நியூயார்க் இரண்டுக்கும் ஓர் அரிய பொருத்தம் இருப்பதால், ஒரு பென்சிலும் காகிதமும் இருந்தால் பள்ளி மாணவரும் இதைக் கணக்கிட்டுவிடலாம். புவியியல் கற்பித்த ஆண்டுகளில் இந்த இணையைத்தான் நான் விரும்பி எடுத்துக்கொள்வேன்.

சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 1.36 பாகை வட அட்சரேகையிலும் 103.99 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 40.64 பாகை வட அட்சரேகையிலும் 73.78 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77 பாகை வருகிறது. அதாவது, 180 பாகைக்கு இரண்டே கால் பாகைதான் குறைவு. ஒரு நகரம் பூமியின் இந்தப் பக்கம் என்றால் மற்றது கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். ஆகவே இரண்டுக்கும் இடையேயுள்ள குறுக்குவழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிச் சென்று, மறுபக்கம் தெற்கு நோக்கி இறங்குவதே அது. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.36 பாகை, ஆக 138 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. வரும். பெருக்கினால் 15,345 கி.மீ. கிடைக்கும்.

இது துருவத்தின் உச்சியையே தொட்டுச் செல்லும் வழியின் நீளம். உண்மையான பெருவட்டம் துருவத்திலிருந்து ஏறத்தாழ 280 கி.மீ. விலகிச் செல்கிறது; அதனால் கோண அளவு 137.95 பாகையாகவும் தொலைவு 15,339 கி.மீ. ஆகவும் சற்றே குறைகின்றன. பிறகு ஏன் 15,349 என்கிறார்கள்? பூமி முழுமையான கோளம் அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் நடுவில் சற்றுப் பருத்தும் இருப்பது. அந்த வடிவத்தையும் கணக்கில் சேர்க்கும்போது சுமார் பத்து கி.மீ. கூடுகிறது. தொலைவைக் கணக்கிட்டுத் தரும் இரண்டு கருவிகள் இப்படிச் சில கி.மீ. வேறுபட்டால், ஒன்று பூமியைக் கோளமாகவும் மற்றொன்று உண்மை வடிவிலும் எடுத்துக்கொண்டிருப்பது அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நியூயார்க் என்று பொதுவாகச் சொன்னாலும் அங்கே எந்த விமான நிலையம் என்பதையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கென்னடி நிலையத்துக்கும் செல்கிறது, ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள நெவார்க் நிலையத்துக்கும் செல்கிறது. இவ்விரண்டு நிலையங்களுக்கும் இடையே 30 கி.மீ.க்கும் சற்று மேல். ஆயினும் சிங்கப்பூரிலிருந்து நெவார்க்குக்குத் தொலைவு 15,344 கி.மீ., கென்னடிக்கு 15,349 கி.மீ.; ஐந்தே கி.மீ. வேறுபாடு. காரணம் எளிது. இரு நிலையங்களும் ஒன்றுக்கொன்று கிழக்கு மேற்காக அமைந்துள்ளன. குறுக்குவழியோ வடக்கிலிருந்து வருகிறது. வடக்கிலிருந்து வருபவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். நெவார்க் அட்சரேகையில் ஒரு சிறு அளவு வடக்கே இருப்பதால் அந்த ஐந்து கி.மீ. குறைகிறது.

இப்போது உலகப் படத்துக்கு வருவோம். நம் வீட்டுச் சுவரிலும் வகுப்பறையிலும் தொங்கும் படங்களில் பல, 1569-இல் மெர்கேட்டர் வகுத்த முறையைப் பின்பற்றுபவை. அவர் அதைக் கடலோடிகளுக்காக வரைந்தார். அந்தப் படத்தில் ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோடு காட்டும் திசையிலேயே திசைகாட்டியை வைத்துக்கொண்டு போனால் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடையலாம். அந்த வசதிக்கு விலையாக, வடக்கே போகப்போக நிலப்பரப்புகள் பெருத்துக் காட்டப்படுகின்றன. துருவம் அந்தப் படத்தில் வருவதே இல்லை. ஆகவே துருவத்தை ஒட்டிய வழி அதில் நம் கண்ணுக்குத் தோன்றாமல் போவதில் வியப்பில்லை.

அந்தப் படத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு மேற்கு நோக்கி ஒரு நேர்கோடு வரைந்து பாருங்கள். கோடு இலங்கைக்கு மேலாகச் சென்று, கன்னியாகுமரிக்குச் சற்றே தெற்கில் கடலைக் கடந்து, ஏடன் வளைகுடா, சூடான், சகாரா பாலைவனம் வழியாகக் கேனரித் தீவுகளுக்கு அருகே அட்லாண்டிக்கில் இறங்கும். பார்ப்பதற்கு இதுவே மிக நேரான வழி. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் நீளம் ஏறத்தாழ 18,500 கி.மீ.; குறுக்குவழியைவிட மூவாயிரம் கி.மீ.க்கும் மேல் அதிகம். நம் ஊர் ஓரமாகப் போகும் இந்தக் கோட்டைத்தான் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு, விமானம் ஏன் சுற்றிப் போகிறது என்று கேட்கிறார்கள். சுற்றிப் போவது அந்தக் கோடுதான். ஐயம் இருந்தால் ஒரு பூகோள உருண்டையை எடுத்து, சிங்கப்பூரில் ஒரு விரலும் நியூயார்க்கில் ஒரு விரலும் வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து, கனடாவின் வடகிழக்குப் பகுதி வழியாக நியூயார்க்குக்கு இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

இனி 16,700 கி.மீ. என்ற எண். 2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூர்–நெவார்க் இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தொலைவு இது. பயண நேரம் 18 மணி 45 நிமிடம் என்றும் அறிவித்தது. குறுக்குவழி 15,344 கி.மீ. என்று சற்று முன்புதான் பார்த்தோம். கூடுதலாக உள்ள 1,350 கி.மீ. எதற்கு? விமானம் பசிபிக் வழியாகக் கிழக்கு நோக்கிப் பறப்பதற்கான அளவு அது. தென்சீனக் கடலைக் கடந்து, ஜப்பானை ஒட்டி வடகிழக்கே திரும்பி, வட பசிபிக்கைத் தாண்டி, அலாஸ்கா அல்லது கனடாவின் மேற்குக் கரையருகே நிலத்தை அடைந்து, வட அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து நியூயார்க் சேரும் வழி அது.

இதற்கு முதற்காரணம் காற்று. தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறுபோல் ஓடும் வலுவான காற்றோட்டம் உண்டு. இதனைத் தாரைக்காற்று என்கிறார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.ஐயும் கடப்பதுண்டு. இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் ததேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அவர் கண்டறிந்ததை எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பொதுமொழி ஒன்றில் எழுதியது, கிட்டத்தட்ட யாருமே படிக்காமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் நேரடியாகச் சிக்கினார்கள்.

காற்றின் விளைவை ஓர் எளிய கணக்கில் காட்டுகிறேன். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 15,349 கி.மீ. தொலைவைக் கடக்க 17 மணி நேரமும் சில நிமிடங்களும் ஆகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரையைப் பொறுத்து வேகம் 1,000 கி.மீ. ஆகி, 16,700 கி.மீ. வழியும் 16 மணி 42 நிமிடங்களில் முடிந்துவிடும். நீளமான வழி முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உண்மையில் ஆதாயம் இவ்வளவு இருக்காது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட முதல் சில மணி நேரம் அத்தகைய காற்று கிடைப்பதில்லை. ஆனாலும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தரையில் உள்ள கி.மீ.ஐ எண்ணுவதில்லை, காற்றுக்குள் எவ்வளவு தூரம் பறக்க வேண்டியிருக்கிறது என்றே எண்ணுகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். எரிபொருள் செலவாவது காற்றுக்குள் பறக்கும் தூரத்துக்குத்தான். வட பசிபிக்கின் மீது அன்றன்றைய காற்றுக்கேற்ப வான்தடங்கள் நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன. நேற்று போன தடத்தில் இன்று போக வேண்டும் என்பதில்லை.

இதே காரணத்தால் திரும்பும் பயணத்தில் ஓர் அழகான நிகழ்வு உண்டு. நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானம், போன வழியே பசிபிக்கைக் கடந்து வந்தால் அதே காற்று எதிர்க்காற்றாக நின்று தடுக்கும். எனவே பல நாள்களில் அது அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பாவுக்கு மேலாகக் கிழக்கு நோக்கியே வந்து, வங்கக் கடல் பக்கமாகச் சிங்கப்பூரை அடைகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரு வழிகளையும் சேர்த்தால் அந்தப் பயணி பூமியை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வந்துவிடுகிறார். உங்கள் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். நீண்ட பயணம் என்ற மலைப்பு சற்றுக் குறையும்.

இரண்டாவது காரணம், கீழே இருக்கும் நாடுகள். துருவ வழியின் ஒரு பெரிய பகுதி சீனா, மங்கோலியா, ரஷ்யா ஆகியவற்றின் வான்வெளியில் செல்கிறது. ஒவ்வொரு நாட்டின் வான்வெளியிலும் பறக்க அந்நாட்டின் அனுமதி வேண்டும். 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரை அடுத்து, ரஷ்யா முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. வேறு பல நிறுவனங்கள் தாமாகவே அதைத் தவிர்த்தன. இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ வழியே சான்று. சைபீரியாவின் மீது ஒன்பது, பத்து மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த அந்தப் பயணம், பின்லாந்து நாட்டு விமானம் வட துருவத்தைச் சுற்றிப் பறக்கத் தொடங்கியபின் சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. அவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு ஒரு கி.மீ.கூட மாறவில்லை.

துருவப் பகுதியில் பறப்பதற்குத் தனியாகச் சில முன்னேற்பாடுகளும் வேண்டும். வழக்கமான விமான எரிபொருள் மைனஸ் 47 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். குளிர்காலத்தில் அங்கே வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதுண்டு. சூரியனிலிருந்து வரும் துகள் வீச்சு மிகும் நாள்களில் வானொலித் தொடர்பு பாதிக்கப்படும். நடுவழியில் இறங்க நேர்ந்தால் ஏற்ற நிலையங்களும் அங்கே குறைவு. இரண்டு எஞ்சின் விமானம் எப்போதும் ஏதேனும் ஒரு நிலையத்தை ஒற்றை எஞ்சினில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடையக்கூடிய தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. இந்தச் சேவையில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு அந்த நேரம் 370 நிமிடங்கள் வரை அனுமதிக்கப்பட்டுள்ளதால், பெருங்கடலின் நடுவிலும் அதற்குப் பெரும் தடையில்லை. உங்கள் பெற்றோருக்கு இது குறித்து அச்சம் இருந்தால், இந்த விதியின் அடிப்படையிலேயே ஒவ்வொரு பயணமும் திட்டமிடப்படுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இவ்வளவு தூரம் இறங்காமல் பறப்பது எரிபொருளைப் பொறுத்தவரை கடினமான காரியம். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைப் பதினேழு மணி நேரம் சுமந்து செல்ல வேண்டும். அதைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். இந்த வழியில் பறக்கும், மிக நெடுந்தொலைவுக்கென்றே அமைந்த ஏ350-900 யூ.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அது சுமார் 130 டன். விமானம் தரையிலிருந்து எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையான 280 டன்னில் ஏறத்தாழப் பாதி. அதனால்தான் வழக்கமாக 300-க்கு மேற்பட்டவர்கள் அமரக்கூடிய விமானத்தில் 161 இருக்கைகள் மட்டும் வைத்திருக்கிறார்கள். சாதாரண வகுப்பே இல்லை. இதற்கு முன் 2004 முதல் 2013 வரை இதே சேவையை நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏ340-500 விமானங்கள் நடத்தின. அவை குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் சேவை ஐந்தாண்டுகள் நின்றிருந்தது.

பிராங்க்பர்ட்டில் ஒரு முறை இறங்கிச் செல்வதா, நேரே செல்வதா என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். சிங்கப்பூர்–பிராங்க்பர்ட் ஏறத்தாழ 10,280 கி.மீ., பிராங்க்பர்ட்–கென்னடி ஏறத்தாழ 6,190 கி.மீ.; இரண்டும் சேர்ந்து 16,500-க்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் இறங்கிச் செல்வதால் நேர்வழியைவிட ஆயிரத்துச் சொச்சம் கி.மீ.தான் கூடுகிறது; நிறுவனம் அறிவித்த 16,700 கி.மீ.ஐவிட அது குறைவாகவே உள்ளது. அங்கே கால் நீட்டி நடந்துவிட்டு வரலாம். முழங்கால் வலி, கால் வீக்கம் போன்றவை உள்ள முதியவர்களுக்கு, மருத்துவரைக் கேட்டுவிட்டு, அந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

பயண நேரத்தைக் கணக்கிடும்போது பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் முந்தியது. போகும் பயணம் 18 மணி நேரத்தைச் சற்றுக் கடந்தும், வரும் பயணம் 19 மணி நேரத்தை நெருங்கியும் அட்டவணையிடப்படுவது வழக்கம். பருவத்துக்கேற்பச் சிறிது மாறும். இதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, இறங்குமுன் வரிசைக்குக் காத்திருப்பது எல்லாம் அடங்கும். 11 கி.மீ. உயரத்தில் பறப்பதாலேயே வழி நீள்கிறதா என்று சிலர் கேட்பதுண்டு. நீள்கிறது, ஆனால் முழுப் பயணத்துக்கும் சேர்த்து 26 கி.மீ. அளவுதான்.

வானில் இருக்கும் நேரத்தைத் தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்து, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையேயான வான்வழித் தொடர்பு அறுந்தபின், 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலினா நீர்விமானங்கள் பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகில் உள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே பறந்தன. தொலைவு ஏறத்தாழ 5,650 கி.மீ.தான். ஆனால் மணிக்கு 200 கி.மீ. அளவில் பறந்த அந்த விமானங்களுக்கு 27 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சில நாள்களில் 30 மணி நேரத்தையும் தாண்டியது. வானொலியை அணைத்துவிட்டு விண்மீன்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பயணிகள் பார்த்தார்கள். உங்கள் பெற்றோர் அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றே குறைந்த தொலைவை அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் கடக்கப்போகிறார்கள்.

எந்த எண்ணை எங்கே எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இரு நகரங்களின் தொலைவு என்றால் 15,349 கி.மீ. என்று எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் விமானம் எவ்வளவு தூரம் பறந்தது என்று தெரிய வேண்டுமானால், விமானங்களின் பாதையை உடனுக்குடன் காட்டும் தளங்களில் அந்த விமான எண்ணை இட்டுப் பாருங்கள். பெற்றோர் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் நாள்தோறும் அந்தப் பாதையைக் குறித்து வைத்தால், ஒரு நாள் ஜப்பானுக்கு அருகிலும் மறுநாள் அதற்கு வெகு தெற்கிலும் அது விலகுவதைக் காண்பீர்கள். அவர்கள் போகும் நாளில் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்பதை அன்று மாலை நீங்களே அவர்களுக்குச் சொல்லலாம்.